நல்ல தண்ணீர் குடித்த செடிகள்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் விளங்காது.

எங்கள் தெரு நேராகக் கடலைப் பார்த்துப் போய் ஒரு மண்கரையில் முட்டி நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய நீண்ட கரை. அதற்கு அந்தப் பக்கம் சேறும் ஓடையும், அப்புறம் கடல். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் விளைந்த நிலம். இப்போது உப்புப் பூத்து, காலை வெளிச்சத்தில் யாரோ வெள்ளைத் துணி விரித்து மறந்துபோன மாதிரிக் கிடக்கும். கரையின் நடுவே ஒரு மதகு. மதகை ஒட்டி, சின்ன மேட்டின்மேல், தெருவின் கடைசி வீடு. அது மதகுக்காரர் வீடு.

கடல் ஏறும்போது சக்கரத்தைச் சுற்றிப் பலகையை இறக்க வேண்டும். கடல் இறங்கும்போது பலகையைத் தூக்கி, உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். இதுதான் அவர் வேலை. கடல் ஏறுவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம் என்பதால் அந்த வீட்டில் சாப்பாடும் தூக்கமும் கடலைப் பார்த்துத்தான் நடந்தன. தெருவில் அவரை 'மதகு' என்றே சொல்வோம். அவர் மனைவிக்குக் கிணத்தக்கா என்று பெயர். தெருவிலேயே கரிக்காத கிணறு அவள் கொல்லையில் இருந்த ஒன்றுதான்.

அந்த வீட்டுக்கு உப்புதான் பகையாளி. சமையலுக்குப் போடுகிற உப்பைச் சொல்லவில்லை. அதை அக்கா தாராளமாகவே போடுவாள். காற்றில் வருகிற உப்பு, காலில் ஒட்டி வருகிற உப்பு, சுவரைப் பொரியவைத்து உதிர்க்கிற உப்பு. இவற்றோடுதான் சண்டை. வாசலில் ஒரு தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கும். யாராக இருந்தாலும் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருமுறை அவளுடைய மருமகன் புதுச் செருப்போடு நேரே நடையேறிவிட்டார். "மாப்பிள்ளை, நீங்க வரலாம், கடல் வரக்கூடாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

ஆனால் கடல் வந்துகொண்டுதான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் பலகையின் விளிம்பைத் தொட்டது, தாண்டியது, கரையின் அடிமண்ணைக் கரைத்தது. அப்போதுதான் இஞ்சினியரம்மா வந்தாள். சின்ன வயசு. காலுக்குப் பெரிதான ரப்பர் பூட்ஸ். நடந்தால் சளக் சளக்கென்று சத்தம் வரும். அவள் தெருமுனையில் வரும்போதே கடைசி வீடு வரை தெரிந்துவிடும்.

"அய்யா, இனிமே கரையை உசத்திக்கிட்டே போறதுல அர்த்தமில்லை" என்றாள். "நாம ஒரு முழம் உசத்தினா அது ரெண்டு முழம் ஏறுது. அதனால மதகைத் தெறந்து விட்டுடலாம்னு முடிவாயிருக்கு. தண்ணி இந்த நெலத்துக்குள்ள வரட்டும், போகட்டும். நாம அலையாத்தி வெப்போம், உப்புத் தண்ணியில வளர்ற செடி. அது வேர் புடிச்சா சேத்தைக் கட்டிப் புடிச்சுக்கும், அலையோட வேகத்தையும் வாங்கிக்கும்."

மதகுக்காரர் சக்கரத்தில் கை வைத்தபடியே நின்றார். "என்னம்மா இது. பூட்டறதுக்குன்னே பொறந்தவன்கிட்ட வந்து கதவைக் கழட்டிப் போடுங்கறீங்க."

"கதவே இல்லாமப் போயிடாதுங்கய்யா. கரை இன்னும் உள்ள தள்ளி வருது. தையக்காரர் கடைக்கு முன்னால."

"அப்ப எங்க வீடு?" என்றாள் அக்கா.

இஞ்சினியரம்மா கொஞ்சம் தயங்கினாள். "கரைக்கு வெளியிலம்மா." பிறகு வேகமாகச் சொன்னாள்: "வீடு மேட்டுலதான் இருக்கு. அதுக்கு முன்னால வெக்கிற செடி இந்த மழைக்காலத்தைத் தாங்கி நின்னா, நீங்க இங்கயே இருக்கலாம். நிக்கலைன்னா மேடு அரிச்சிடும். காலி பண்ணித்தான் ஆகணும்."

போகும்போது அவளோடு வந்த ஆட்கள் வாசல் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

"இது என்ன கண்ணு, கணக்குல தப்புப் போட்ட மாதிரி?"

"இன்னும் முடிவாகலைன்னு அர்த்தம்மா."

"எங்க பள்ளிக்கூடத்துல அதுக்குப் பேரு தப்புதான்" என்றாள் அக்கா.

செடி வளர்க்கிற பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் வீட்டைத் தாங்கப்போகிற செடி தன் கையால் வளரட்டும் என்று நினைத்தாள். கொல்லையில் நிழலுக்கு ஓலைப்பந்தல் போட்டார்கள். கறுப்புப் பைகளில் சேற்றை நிரப்பி வரிசையாக அடுக்கினார்கள். விதைகள் தடித்த அவரைக்கொட்டை மாதிரி இருந்தன. தண்ணீரில் ஊறவைத்ததும் மேல்தோல் தானாகக் கழன்று, உள்ளே இரண்டு பச்சை இதழ்கள் கைகூப்பியதுபோல் மடிந்திருந்தன.

இஞ்சினியரம்மா முறையைச் சொல்லிக்கொடுத்தாள். "மொதல்ல நல்ல தண்ணி. எல விட்டதும் ஓடைத் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா கலங்க. அப்புறம் முழுக்க ஓடைத் தண்ணிதான். நல்லாப் பழகின செடியோட எலைய நாக்குல வெச்சுப் பாத்தா உப்புக் கரிக்கும். குடிச்ச உப்பை எல வழியா வேர்த்துத் தள்ளிடும் அது."

"செடி வேர்க்குமா?"

"இந்தச் செடி வேர்க்கும்மா."

எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மதகுக்காரர் ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து பீப்பாயில் நிரப்பி வைத்தார். செடிகள் இலை விட்டன. அக்கா குவளையைப் பீப்பாய்க்குள் விட்டு முகந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் எதையெல்லாம் கருக்கியது என்று அவளுக்குத் தெரியும். முருங்கையை, கீரைப்பாத்தியை, மகள் ஆசையாக நட்ட ரோஜாவை.

"பச்சப்புள்ள வாயில உப்பைத் திணிக்கிற மாதிரி இருக்கே" என்று செடிகளிடமே சொன்னாள். "நாளைக்குத் தரேன். இன்னிக்குக் கொஞ்சம் நல்ல தண்ணி குடிங்க."

மறுநாளும் அதையே சொன்னாள். மத்தியானம் மதகுக்காரர் சங்கிலியைக் கழுவச் சக்கரத்தடிக்குப் போனதும் கிணற்றில் இறைத்து ஒவ்வொரு பைக்கும் ஊற்றுவாள். பீப்பாய்த் தண்ணீரை, ஊற்றியதுபோல் அளவு குறைந்து தெரிவதற்காக, வேலியோரம் கவிழ்ப்பாள். அந்த நேரத்தில் கொல்லை முழுவதும் ஒரு பச்சை மயக்கம் இருக்கும். பந்தல் ஓட்டைகளில் விழுகிற வெயில் வட்டங்கள் இலைமேல் மெல்ல நகரும். தூரத்தில் கடலின் ஓசை, தூங்குகிறவர் மூச்சைப் போல. அவளுக்கும் கண் சொருகும். கனவில் செடிகள் கிணற்றைச் சுற்றி வந்து உட்கார்ந்து, எச்சில் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இன்னும் என்று கேட்கும்.

கோடை இறுகியது. கிணற்றில் கயிறு வரவர ஆழமாகப் போனது.

"தண்ணி எங்கதான் போகுது?" என்றார் மதகுக்காரர். "நீ குளிக்கறியா, கிணத்தைக் குளிப்பாட்டறியா?"

"நான் ஒரு வாளியிலதான் குளிக்கிறேன். நீங்கதான் மதகுச் சங்கிலியைக்கூட நல்ல தண்ணியில கழுவறீங்க."

"அது துரு புடிக்கும்."

"நானும்தான் புடிப்பேன்."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையையும் பாதியில் விட்டவர்கள் இல்லை அவர்கள். அப்போதே தெரு கவனித்திருக்க வேண்டும். எதிர்வரிசைத் தையல்காரர் மட்டும், "என்னண்ணே, இன்னிக்குச் சீக்கிரமே இடைவேளை விட்டுட்டாங்க?" என்று கேட்டார்.

நடவு நாளில் செடிகளைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். எண்ணெய் தடவிச் சீவினதுபோல் மினுமினுப்பு. முழங்காலைத் தாண்டிய உயரம். இஞ்சினியரம்மா குனிந்து ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவு செழிப்பா நான் எங்கயும் பாத்ததில்லம்மா." ஓர் இலையைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் யாரோ நடவுக் கயிறு கட்டக் கூப்பிட்டார்கள். இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பூட்ஸ் சளசளக்க ஓடினாள்.

வீட்டின் முன்னால் இருந்த நிலத்தில் பாதிக்கு மட்டும் அன்று நட்டார்கள். மீதிச் செடிகள் அடுத்த சுற்றுக்காகக் கொல்லையிலேயே இருந்தன. தையல்கடைக்கு முன்னால் புதுக் கரையும் எழும்பியிருந்தது. மாலையில் மதகைத் திறந்தார்கள். மதகுக்காரர்தான் சக்கரத்தைச் சுற்றினார். நீர் ஏறும் நேரத்தில் பலகையைத் தூக்குவது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. கடல் சந்தேகத்தோடு எட்டிப்பார்த்தது. ஒரு நாக்கை நீட்டியது. பிறகு அகலமாக, சத்தமே இல்லாமல், ஆரஞ்சு வெளிச்சத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து செடிகளின் இடுப்புவரை நின்றது. வெள்ளைத் தரை முழுவதும் வானமாகிவிட்டது. சக்கரத்திலிருந்து கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"பாத்தியா, அது பாட்டுக்கு வந்துச்சு" என்றார் அக்காவிடம். "இத்தனை வருஷம் வெளிய நிறுத்தினவனைத் திட்டக்கூட இல்ல."

ஒரு வாரத்தில் இலைகளின் மினுமினுப்பு போயிற்று. ஓரம் பழுத்தது, சுருண்டது. ஒவ்வொரு தடவை தண்ணீர் வடியும்போதும் சேற்றின்மேல் மஞ்சள் இலைகள் படிந்து கிடந்தன. இஞ்சினியரம்மா தண்டைக் கீறிப் பார்த்தாள், சேற்றைத் தோண்டி முகர்ந்தாள், பூச்சி தேடினாள். "மண்ணுல ஏதோ கோளாறு போலிருக்கு" என்று முணுமுணுத்தாள். அவள் முகம் வாடியதைப் பார்த்து அக்கா உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குப் பார்த்து மகள் நகரத்திலிருந்து ஃபோன் பண்ணினாள்.

"அம்மா, இன்னும் எதுக்கும்மா அங்க? இங்க மூணாவது மாடி. கடல் வரணும்னாக்கூட லிஃப்ட்லதான் வரணும். அப்பாவுக்குன்னு ரூம் ரெடி பண்ணிட்டோம்."

மதகுக்காரர் ஃபோனை வாங்கினார். "பாப்பா, அங்க வந்து நான் எதைத் தெறந்து எதை மூடறது? குழாயையா?"

"பேச்சை மாத்தாதீங்கப்பா. செடி செத்துப்போச்சுன்னு தையக்கார மாமா சொன்னாரு."

"அவன் ஊசியில கோக்க நூல் இல்லைன்னா ஊர்ச்சேதியக் கோப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆனால் வைத்த பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அந்தச் சிவப்புக் குறியின்மேல் விழுந்து, ஈரம் காயாத சாயம் மாதிரிக் காட்டியது.

சாப்பாட்டுத் தட்டை வைத்தாள் அக்கா. அவர் பிசைந்துகொண்டே இருந்தார், எடுத்து வாயில் வைக்கவில்லை.

"செடிக்கு நோயும் இல்ல, மண்ணுல கோளாறும் இல்ல" என்றாள்.

"பின்ன?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"ஓடைத் தண்ணிய ஒருநாள்கூட ஊத்தலை. மனசு வரலை. கிணத்துத் தண்ணியவே ஊத்தி வளத்துட்டேன். உப்புன்னா என்னன்னே தெரியாம வளந்துடுச்சுங்க. திடீர்னு கொண்டுபோய்க் கடல்ல நிறுத்தினா?" சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "என் வீட்டை நானே கரைச்சுட்டேங்க."

"எப்ப ஊத்தின?"

"மத்தியானம். நீங்க மதகுக்குப் போனப்புறம்."

"தினமுமா?"

"தினமும்."

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். குனிந்த தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே அவள் நினைத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கை வைத்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பு.

"காலையில நான் ஊத்தினேன்டி."

"எதை?"

"கிணத்துத் தண்ணியத்தான். நீ அடுப்படியில பால் காய்ச்சறப்ப. பீப்பாயை நிரப்பறப்பல்லாம் பாவமா இருக்கும். நீ கண்டிப்பா அந்த உப்புத் தண்ணியத்தான் ஊத்துவேன்னு நெனச்சேன். வாய் கரிக்குமே, கழுவிக்கட்டும்னு பைக்கு ரெண்டு குவளை."

"ஐயையோ! ரெண்டு வேளையுமா?"

"மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைய மாதிரி கவனிச்சிருக்கோம்."

இருவரும் சிரித்த சத்தம் தையல்கடை வரைக்கும் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. வீடு அப்படியேதான் இருந்தது, குறியும் அப்படியேதான் இருந்தது. மழைக்கு அதிக நாள் இல்லை.

மறுநாள் இஞ்சினியரம்மாவிடம் சொன்னார்கள். அவர் பாதி சொன்னார், அவள் மீதி சொன்னாள். இஞ்சினியரம்மா கரையில் பொத்தென்று உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா" என்றாள். "எலையக் கிள்ளி வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அழகா இருக்குன்னு நம்பிட்டேன்." சட்டைப்பையைத் துழாவினாள். இலை எப்போதோ துவைப்பில் போயிருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற தையல்காரர் தலையை ஆட்டினார். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. உங்க செடி தண்ணியக் குடிச்சுட்டு உப்பைத் திங்க மாட்டேங்குது. பழமொழியே தலைகீழாப் போச்சேக்கா."

"உன் வாயில ஒரு தையல் போட்டுக்க" என்றாள் அக்கா.

மதகுக்காரர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதகுக்கும் செடிகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம். முந்தின ராத்திரி கொட்டிய கோடை மழைத் தண்ணீர் அதில் நிறைந்து கிடந்தது. "மதகை ஒரேயடியா தெறந்ததுதான் தப்போன்னு தோணுது" என்று மெதுவாகச் சொன்னார். "பலகையை ரெண்டு விரல் மட்டும் தூக்கி வெச்சா? வர்ற கடல் அந்தப் பள்ளத்துத் தண்ணியோட கலந்துதான் செடிக்குப் போகும். பழகினப்புறம் இன்னும் ரெண்டு விரல். சரியா வருமான்னு எனக்குத் தெரியாதும்மா. கடலை எவ்வளவு நிறுத்தறதுன்னுதான் இதுவரைக்கும் கேட்டிருக்காங்க. எவ்வளவு விடறதுன்னு யாரும் கேட்டதில்லை."

இஞ்சினியரம்மா எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டாள். "மேல நான் பேசிக்கறேன். தினமும் தண்ணியில எவ்வளவு உப்புன்னு அளந்து சொல்றேன். நீங்க பலகையைப் பாத்துக்குங்க."

"கொல்லையில இருக்கறதுங்களுக்கு நான் ஊத்தறேன்" என்றாள் அக்கா. "ஓடைத் தண்ணியத்தான்."

யாரும் அவளை நேராகப் பார்க்கவில்லை.

"சத்தியமாத்தான்!"

அன்று குவளையில் ஓடைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் கலந்து எடுத்துக்கொண்டு முதல் செடியின் முன் உட்கார்ந்தாள். குழந்தைக்குக் கஷாயம் கொடுக்கிறவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். "கசந்தாலும் குடி கண்ணு. குடிக்காம இருந்தா மூணாவது மாடிக்குத்தான் போகணும்." நாளுக்கு நாள் கிணற்றின் பங்கு குறைந்தது, ஓடையின் பங்கு கூடியது. செடிகள் கொஞ்சம் இளைத்தன. மினுமினுப்பு போய் இலை தடித்தது. அவளும் இளைத்தாள்.

அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் தோன்றுகிறது. நீர் வந்தது, போனது. மதகுக்காரர் சக்கரத்தடியில் குந்தியிருந்தார். விரலால் அளப்பார், சுற்றுவார், மறுபடி குந்துவார். இஞ்சினியரம்மா கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிப்பாள். பட்டுப்போன செடிகளின் இடத்தில் கொல்லைச் செடிகளைக் கொண்டுபோய் நட்டார்கள். சேற்றில் நடக்கிறவர்கள் எல்லோரும் தூக்கத்தில் நடக்கிறவர்களைப்போல் காலை மெதுவாக எடுத்து மெதுவாக வைத்தார்கள். எங்கிருந்தோ சின்ன நண்டுகள் வந்து, வீடு பார்க்க வந்த குடித்தனக்காரர்கள் மாதிரி வளை வளையாக எட்டிப்பார்த்தன.

மழை பகலில்தான் வந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. நீர் வீட்டு மேட்டைச் சுற்றிவந்து கடைசிப் படியைத் தொட்டது. தையல்காரர் புதுக் கரையில் நின்று, "அண்ணே, வந்துடுங்க! தையல் மிஷினை நகத்திட்டு இடம் போட்டு வெச்சிருக்கேன்!" என்று கத்தினார். அவர்கள் வரவில்லை. இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிகிற செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைகள் ஒவ்வொரு அலைக்கும் குனிந்தன, நிமிர்ந்தன. சில நிமிரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் இஞ்சினியரம்மா வந்தாள். ஏறக்குறைய பாதிச் செடிகள் போயிருந்தன. நின்றவற்றின் காலடியில் சேறு அரிக்கப்படாமல் மேடாகச் சேர்ந்திருந்தது. அவள் குனிந்து அந்த மேட்டைத் தட்டிப் பார்த்தாள், தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல.

"மண்ணு நிக்குது" என்றாள். "ஆனா இதுங்க பழகி நிக்குதா, சும்மா ஒரு மூச்சுல நிக்குதான்னு தெரியணும். அதைப் பொறுத்துத்தான் நான் வீட்டைப் பத்திச் சொல்ல முடியும்."

அக்கா உடனே ஓர் இலையை வாயில் வைத்தாள். ஒன்றும் இல்லை, மழையின் ருசிதான்.

"மழை கழுவிடுச்சும்மா. ரெண்டு மூணு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும். கரிச்சா ஃபோன் பண்ணுங்க."

வெயிலுக்குக் காத்திருந்தார்கள். முதல் நாள் மூட்டம். அடுத்த நாளும் மூட்டம். பிறகு ஒரு காலை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் வானம் பளிச்சென்று விடிந்தது. அப்புறம் தொடர்ந்து வெயில். மதகுக்காரர் இலைப்பக்கமே போகவில்லை. "நீ பாத்துச் சொல்லு" என்று சக்கரத்துக்கு எண்ணெய் போடப் போனார். எண்ணெய் நேற்றே போட்டாயிற்று.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நீர் வடிந்த தரையில் ஆகாசம் துண்டு துண்டாகக் கிடந்தது. வீட்டுக்கு நேர் எதிரே நின்ற செடியை எட்டி, ஓர் இலையை வளைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். இலைமேல் ஏதோ மினுங்கியது. நுனிநாக்கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். வேறோர் இலை. வேறொரு செடி.

பிறகு அவள் ஓடிவந்ததை எங்கள் தெருவே பார்த்தது. அந்தச் சேற்றில் அப்படி ஓட முடியும் என்று யாருக்கும் தெரியாது.

"என்னங்க! வாயத் தெறங்க!"

மதகுக்காரர் எண்ணெய்க் கையோடு வாயைத் திறந்தார். அவள் இலையை அவர் நாக்கில் வைத்தாள். அவர் முகம் முதலில் பழக்கப்படி சுளித்தது. அப்புறம் விரிந்தது.

"கரிக்குதுடி" என்றார். "நல்லாவே கரிக்குது!"

"ஃபோனைப் போடுங்க."

இஞ்சினியரம்மா மறுமுனையில் கத்தியது வெளியே கேட்டது. பிறகு நிதானத்துக்கு வந்து, "இந்த வருஷம் நீங்க இங்கயே இருங்கம்மா" என்றாள். "ஆனா பெரிய நீர் வர்ற நாள்ல படிவரைக்கும் தண்ணி வரும். அடுத்த மழைக்கு அப்புறம் மறுபடியும் பாப்போம்."

"வருஷா வருஷம் பாத்துக்குவோம் கண்ணு" என்றாள் அக்கா. "இவரைக் கட்டிக்கிட்டப்பவும் அப்படி நெனச்சுத்தான் இருந்தேன்."

ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போனாள். மகளுக்குச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு உலை வைக்க வேண்டும். வாசல் தொட்டியில் நல்ல தண்ணீர் விளிம்புவரை நிறைந்து அசையாமல் நின்றது. அதில் கால் கழுவாமலே தாண்டிப் போனாள். மதகுக்காரரும் பின்னாலேயே போனார்.

மத்தியானம் தையல்காரர் விசாரிக்க வந்தபோது இருவரும் கூடத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் இரண்டு ஜோடிக் காலடிகள். ஈரம் காய்ந்து, விரல் விரலாக வெள்ளை பூத்திருந்தது. தையல்காரர் அவற்றைக் குனிந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் தன் காலை மட்டும் கழுவிக்கொண்டு, அந்தத் தடங்களை மிதித்துவிடாமல் சுவரோரமாகவே நடந்து போய், உலை கொதித்து வழிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.